உனக்குப் பிடித்ததைப் போடு: நியூயார்க் ஜாஸ் பயணக் குறிப்புகள்

வியாழன், வில்லியம்ஸ்பர்க் பாலம்

திருச்சியில் இளையராஜாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீக்கடை வாசலிலேயே நாலு பேர் கூடிவிடுவார்கள். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனைப் பற்றிப் பேச எனக்கு ஆள் கிடைத்ததே இல்லை. இத்தனை வருஷமும் மொட்டை மாடியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகவே கேட்டு வந்தேன். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, "இரு, இப்ப வரும் பாரு" என்று கையைப் பிடித்தால் இந்த இசை வேறு மாதிரி கேட்கும் என்று ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் நியூயார்க் வந்திருக்கிறேன்.

குவீன்ஸில், ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் பெரியப்பா மகன் வீடு. அண்ணா சிறு வயதில் மிருதங்கம் கற்றவர். இங்கே வந்த பிறகும் விடவில்லை. ஜாஸையும் அவர் டிரம்ஸ் வழியாகத்தான் கேட்பார். நான் ஊதுகிறவர்கள் பின்னாலேயே போகிறவன்: மைல்ஸ் டேவிஸ், கோல்ட்ரேன், சன்னி ராலின்ஸ். காபி குடித்துக்கொண்டே திட்டம் போட்டோம். ஜாஸ் கலைஞர்கள் வாழ்ந்த இடம், வாசித்த இடம், அடக்கமான இடம் எல்லாவற்றுக்கும் போவது. அங்கே வருகிற ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்து, ரொம்பப் பிடித்த பாட்டு எது என்று கேட்பது.

"அதோட விட்டா பேரைச் சொல்லிட்டுப் போயிடுவாங்கடா. அந்தப் பாட்டுல எந்த இடத்தைக் கேக்கணும்னும் கேளு" என்றார் அண்ணா. நல்ல யோசனையாகப் பட்டது.

சாயங்காலமே கிளம்பி வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போனோம். மன்ஹாட்டனின் கிழக்குக் கரையையும் புரூக்ளினையும் இணைக்கிற பாலம். நடைபாதை வண்டிகளுக்கு மேலே, தனி உயரத்தில் போகிறது. இரண்டு பக்கமும் செம்மை கலந்த இளஞ்சிவப்புக் கம்பிவேலி. நடுவில் சப்வே ரயில் கடந்தால் காலுக்குக் கீழே இரும்பு மொத்தமும் அதிர்கிறது.

1959-இல் சன்னி ராலின்ஸ் மேடையை விட்டு விலகினார். அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. 'சாக்ஸபோன் கொலாசஸ்' என்ற இசைத்தட்டு 1956-லேயே பதிவாகி, டெனர் சாக்ஸபோன் என்றால் இவர்தான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த நேரம். தன் வாசிப்பு தனக்குப் போதவில்லை என்று அவருக்குப் பட்டது. பக்கத்து வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி இருந்ததால் வீட்டில் சத்தமாகப் பழகவும் மனசு வரவில்லை. அவர் குடியிருந்த கிராண்ட் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் இந்தப் பாலம். வெயில், பனி என்று பார்க்காமல் இங்கே வந்து மணிக்கணக்காக ஊதினார். 1961-இல் மேடைக்குத் திரும்பி, அடுத்த வருஷம் 'தி பிரிட்ஜ்' வெளியிட்டார்.

நடுப்பாலத்தில் நின்று ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கொண்டோம். நான் போட்டது 'தி பிரிட்ஜ்' தட்டின் முதல் உருப்படி, 'வித்தவுட் எ சாங்'. அதில் பியானோ கிடையாது. ஜிம் ஹாலின் கிதார்தான். ராலின்ஸின் குரல் அகலமாக நிற்க, கிதார் ஓரமாக நின்று ஒன்றிரண்டு வார்த்தை சொல்வதோடு சரி. அண்ணா பதிலுக்குப் போட்டது 'செயின்ட் தாமஸ்'. ராலின்ஸின் அம்மா வர்ஜின் தீவுகளைச் சேர்ந்தவர். அந்தக் கரீபிய மெட்டு அங்கிருந்து வந்தது. ராலின்ஸ் தன் சோலோவை இரண்டே இரண்டு சுரங்களில் ஆரம்பித்து, அதையே இடம் மாற்றி, தள்ளிப் போட்டு, விட்டுப் பிடித்துக் கட்டுவது எனக்கு மனப்பாடம். அண்ணா அதற்கடுத்த இடத்தைத்தான் காட்டினார். மேக்ஸ் ரோச்சின் டிரம்ஸ் தனி. "மெட்டு போயிடுச்சுன்னு நினைக்காத. மனசுக்குள்ள பாடிக்கிட்டே இரு" என்றார். பாடிப் பார்த்தேன். ரோச் ஒவ்வொரு அடியையும் அந்த மெட்டின் வாக்கியங்களுக்குள்தான் வைக்கிறார். வாக்கியம் முடிகிற இடத்தில் டிரம்ஸும் மூச்சு விடுகிறது. அவர் முடித்து சாக்ஸபோன் திரும்பி வருகிற புள்ளியில் நானும் சரியாக வந்து நின்றேன். பாலத்திலேயே ஒரு கூச்சல் போட்டுவிட்டேன்.

வெள்ளி, கொரோனா

7-ஆம் எண் ரயிலில் ஜாக்சன் ஹைட்ஸிலிருந்து சில நிறுத்தங்கள்தான். 107-ஆவது தெருவில் செங்கல் வீடு ஒன்று. டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1943 முதல் 1971-இல் இறக்கும் வரை இருந்த வீடு இதுதான். உலகத்தில் எங்கே போனாலும் அரங்கு நிரம்புகிற மனிதர். எந்தப் பேட்டையில் வேண்டுமானாலும் மாளிகை வாங்கியிருக்கலாம். உழைக்கிற ஜனங்கள் குடியிருக்கும் இந்தத் தெருவை விட்டு அவர் நகரவே இல்லை. இப்போது அக்கம்பக்கத்தில் எங்கு பார்த்தாலும் ஸ்பானிஷ் பேச்சு. 2003-இல் வீட்டை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். எதிர்ப்புறத்தில் புதிய மையம் 2023-இல் வந்தது.

நீல நிறச் சமையலறை பளபளவென்று இருக்கிறது. ஆனால் நான் அசந்து நின்றது மாடியில் அவருடைய சொந்த அறையில். சுவரோடு ஒட்டி டேப் ரெக்கார்டர்கள். ஆம்ஸ்ட்ராங் வீட்டில் இருக்கும்போது ஓயாமல் ஒலிப்பதிவு செய்வார்: நண்பர்களோடு பேசுவது, சிரிப்பது, பழைய தட்டுகளைப் போட்டு அதோடு சேர்ந்து ஊதுவது, எல்லாம். இப்படி நூற்றுக்கணக்கான டேப்புகள். ஒவ்வொரு டேப் பெட்டியின் மேலும் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி அவரே அட்டை செய்திருக்கிறார். தனக்குப் பிடித்த இசையை இப்படிப் பொத்திப் பொத்திச் சேர்த்து வைத்த மனிதரைப் பார்த்தபோது நெருங்கிய சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. சுற்றிக் காட்டுகிறவர் நடுநடுவே அந்த டேப்புகளிலிருந்து ஆம்ஸ்ட்ராங்கின் பேச்சைப் போடுகிறார். அவர் உட்கார்ந்து பேசிய அறையிலேயே அந்தக் கரகரப்பான குரல்!

எங்கள் குழுவில் டெட்ராய்ட்டிலிருந்து ஒரு வயதான அம்மா வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வெளியே வந்ததும் எங்கள் கேள்வியைக் கேட்டோம். நான் முதலில் என்னுடையதைச் சொன்னேன்: 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்', 1928 ஜூன் 28-ஆம் தேதி சிகாகோவில் பதிவானது. ஆரம்பத்தில் துணை எதுவுமில்லாமல் டிரம்பெட் மட்டும் மேலே ஏறிக் கீழே புரண்டு வருகிற அந்தச் சில விநாடிகள். அவர் தலையாட்டிவிட்டு, கடைசிப் பகுதிக்குப் போகச் சொன்னார். அங்கே ஆம்ஸ்ட்ராங் ஒரே ஒரு உச்ச சுரத்தைப் பிடித்து ஏறக்குறைய நாலு பார், அதாவது நாலு தாளவட்டம், நீட்டுகிறார். "அது அசையாமல் நிற்கிறபோது கீழே பியானோ என்ன செய்கிறது, அதைக் கேள்" என்றார். ஏர்ல் ஹைன்ஸ். மேலே அந்தச் சுரம் ஒரு பந்தல்கால் போல நிற்க, கீழே அவர் தாளத்தை அழுத்தி அழுத்திப் போடுகிறார். எத்தனையோ தரம் கேட்ட பதிவு. இன்றுதான் அந்த வலது கையும் இடது கையும் எனக்குத் தனித்தனியாகக் காதில் விழுந்தன.

அவருக்குப் பிடித்தது வேறு: 'பொடேட்டோ ஹெட் ப்ளூஸ்', 1927. அதில் ஆம்ஸ்ட்ராங்கின் சோலோ வரும்போது மொத்தக் குழுவும் நிறுத்திவிடும். இரண்டு பாருக்கு ஒரு தரம் முதல் அடியில் மட்டும் 'டக்' என்று ஒரு குத்து. மற்ற நேரமெல்லாம் டிரம்பெட் தனியாக வெளியில் நடக்கிறது. அண்ணா தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். அந்தக் குத்தில் சரியாக வந்து சேர்வதும், வேண்டுமென்றே அதைத் தாண்டிப் போய்த் திரும்புவதும் அவருக்கு ரொம்பப் பழக்கமான விஷயம். அந்த அம்மாவும் அண்ணாவும் நடைபாதையில் நின்று சேர்ந்து கை தட்டிக்கொண்டு முழு சோலோவையும் கேட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜாஸ் அறிமுகம் செய்ய இதைத்தான் போடுவாராம். அமைதி எவ்வளவு பெரிய வாத்தியம் என்று குழந்தைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடுமாம்.

சனி, ப்ராங்ஸிலிருந்து ஹார்லம்

காலையில் 4-ஆம் எண் ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போய் வுட்லான் கல்லறைத் தோட்டம். பெரிய தோட்டம், பெரிய மரங்கள். ஒரு மூலையில் ஜாஸ் கலைஞர்கள் அக்கம்பக்கமாக இருக்கிறார்கள். டியூக் எலிங்டன், மைல்ஸ் டேவிஸ், லயனல் ஹாம்ப்டன், இலினாய் ஜாக்கே. இதே தோட்டத்தில்தான் கோல்மன் ஹாக்கின்ஸும் மேக்ஸ் ரோச்சும். மைல்ஸின் கல் பளபளக்கும் கறுப்புக் கிரானைட். பெயருக்கு முன்னால் 'சர்' என்று பொறித்திருக்கிறது. டிரம்பெட் உருவம் ஒன்றும், 'சோலார்' என்ற இசையின் முதல் வரியும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அந்த வரிக்கு ஒரு கதை இருக்கிறது. 'சோலார்' மைல்ஸ் பெயரில் 1954-இல் வந்தது. ஆனால் கிதார் கலைஞர் சக் வெய்ன் 1946-லேயே 'சன்னி' என்ற பெயரில் ஏறக்குறைய இதே மெட்டைப் பதிவு செய்திருந்தார் என்பது பிற்பாடு தெரிய வந்தது. மைல்ஸ் எனக்குத் தெய்வம் மாதிரி. ஆனாலும் அந்தக் கல்லின் முன்னால் நின்றபோது சக் வெய்னின் பெயரையும் ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னேன். சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அங்கே பாரிஸிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். மைல்ஸுக்காகவே வந்தவர். நான் எதிர்பார்த்த மாதிரி மைல்ஸின் பேர்போன தட்டு 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்று சொல்லவில்லை. 1957 டிசம்பரில், பாரிஸில், ஒரே இரவில் மைல்ஸ் பதிவு செய்த 'எலிவேட்டர் டு தி காலோஸ்' படத்தின் இசையைச் சொன்னார். இயக்குநர் லூயி மாலின் முதல் கதைப்படம். காதலனைத் தேடி ஷான் மோரோ இரவெல்லாம் தெருத்தெருவாக நடப்பார். ஸ்டுடியோவில் காட்சிகளைத் திரையில் ஓட்டவிட்டு, எழுதி வைத்த இசை என்று பெரிதாக எதுவும் இல்லாமல், பார்த்துப் பார்த்து வாசித்தார்கள். "எல்லாரும் டிரம்பெட்டைக் கேட்பார்கள். நெடுஞ்சாலைக் காட்சிக்கு வாசித்ததைப் போட்டு டிரம்ஸ் பிரஷ்ஷை மட்டும் கேளுங்கள்" என்றார். போட்டார். இரண்டு பிரஷ்களும் தோலின் மேல் அவ்வளவு வேகமாக, ஆனால் ஒரு துளி பதற்றம் இல்லாமல் ஓடுகின்றன. வாசித்தது கென்னி கிளார்க். அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார். மத்தியானம் நாங்கள் போகவிருந்த இடமே கென்னி கிளார்க்கின் இடம்தான்.

ஹார்லத்தில் 118-ஆவது தெரு, சிசில் ஹோட்டல் கட்டடம். ஹென்றி மின்டன் என்ற சாக்ஸபோன் கலைஞர் 1938-இல் இங்கே மின்டன்ஸ் பிளேஹவுஸ் திறந்தார். அவர் இசைக் கலைஞர் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர்; கலைஞர்கள் பசிக்குச் சாப்பிட்டு, இஷ்டத்துக்கு வாசிக்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தவர். 1940-களின் தொடக்கத்தில் இங்கே நிரந்தரக் குழுவில் பியானோவுக்கு தெலோனியஸ் மங்க், டிரம்ஸுக்குக் கென்னி கிளார்க். மற்ற கிளப்புகளில் வேலை முடித்துவிட்டு டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர் எல்லோரும் இங்கே வந்து சேர்வார்கள். பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணி பிறந்தது இந்த மாதிரி நடுநிசிகளில்தான்.

அண்ணா எதிர்ச்சாரியில் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து பாடம் எடுத்தார். அதுவரை டிரம்ஸ் கலைஞர்கள் பெரிய டிரம்மைக் காலால் நாலு அடியும் மிதித்துத் தாளம் காப்பார்கள். நடனம் ஆடுகிறவர்களுக்கு அது வேண்டும். கிளார்க் தாளம் காக்கிற வேலையை வலது கைக்கு, ரைடு சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டுக்கு மாற்றினார். 'டிங், டிங்-க-டிங்' என்று சிம்பல் ஓடிக்கொண்டே இருக்க, காலும் இடது கையும் விடுதலையாகிவிட்டன. நினைத்த இடத்தில் ஒரு குத்து வைக்கலாம், ஊதுகிறவரைச் சீண்டலாம், பதில் சொல்லலாம். அண்ணா தன் வலது கையால் படியில் சிம்பல் தட்டிக்கொண்டு, இடது காலால் எதிர்பாராத இடத்தில் உதைத்துக் காட்டினார். அந்த மாற்றம் நடக்காமல் எனக்குப் பிடித்த ராலின்ஸும் இல்லை, கோல்ட்ரேனும் இல்லை.

அந்த இரவுகளின் ஒலி கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஜெர்ரி நியூமன் 1941-இல் கையில் தூக்கிப்போகிற பதிவுக் கருவியோடு மின்டன்ஸில் உட்கார்ந்திருந்தார். அவர் பதிந்ததில் சார்லி கிறிஸ்டியனின் கிதாரும் கென்னி கிளார்க்கின் டிரம்ஸும் இருக்கின்றன. கிறிஸ்டியன் அடுத்த வருஷமே காசநோயில் இறந்தார், 25 வயதில். ஒரு ரசிகர் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்காவிட்டால் இந்த வாசிப்பு நமக்குக் கிடைத்திருக்காது.

அங்கிருந்து 126-ஆவது தெருவுக்கு நடந்தோம். 1958 ஆகஸ்டு 12-ஆம் தேதி காலையில் ஆர்ட் கேன் 57 ஜாஸ் கலைஞர்களை ஒரு வீட்டு வாசற்படியில் நிற்க வைத்து எடுத்த புகைப்படம் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். 17-ஆம் எண் வீடு. கவுண்ட் பேசி நிற்க முடியாமல் நடைபாதை ஓரத்தில் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டார். படத்தில் பெண்கள் மூன்றே பேர்: மேரி லூ வில்லியம்ஸ், மரியன் மெக்பார்ட்லண்ட், மேக்சின் சல்லிவன். படியைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண்ணிடம் கேட்டதும், யோசிக்காமல் பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் என்றாள். 1945-இல் வந்த 'ஸோடியாக் சூட்'. ராசிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு உருப்படிகள், ஒவ்வொன்றும் அந்த ராசியில் பிறந்த கலைஞர்களை மனதில் வைத்து எழுதியது. ஹார்லத்தில் மேரி லூவின் வீட்டில்தான் விடியற்காலையில் மங்க், பட் பவல் எல்லாம் வந்து உட்கார்ந்து புதிதாக எழுதியதை வாசித்துக் காட்டுவார்களாம். நான் அவரை இதுவரை சரியாகக் கேட்டதில்லை. அந்தப் பெண் எங்கே கேட்க வேண்டும் என்றும் குறித்துக் கொடுத்திருக்கிறாள்: இடது கை.

ஞாயிறு, எட்ஜ்கோம் அவென்யூ

ஹார்லத்துக்கு வடக்கே, 555 எட்ஜ்கோம் அவென்யூ. கவுண்ட் பேசியும் பால் ராப்சனும் குடியிருந்த கட்டடம். பியானோ கலைஞர் மார்ஜரி எலியட் தன் ஃபிளாட்டின் கூடத்தில் ஞாயிறு மத்தியானம் கச்சேரி நடத்துகிறார். 1992-இல் அவருடைய மகன் ஒருவர் இறந்தார். அவர் நினைவாக ஆரம்பித்தது. கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம்.

மடக்கு நாற்காலிகள் கூடத்தில் தொடங்கி நடைவழி வரை. எனக்குக் கிடைத்த இடத்திலிருந்து பியானோ தெரியவில்லை, சமையலறைக் கதவுதான் தெரிந்தது. அது ஒரு பொருட்டே இல்லை. வாத்தியம் பத்தடியில் இருக்கும்போது ஒலிபெருக்கி இல்லாமல் கேட்கிற ஒலி உடம்பில் நேராக வந்து படுகிறது. இடைவேளையில் எல்லோருக்கும் பழச்சாறு கொடுத்தார்கள். கல்யாண வீட்டில் கேட்பதுபோல் ஒருவர் வந்து எனக்குக் கிடைத்ததா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பக்கத்து நாற்காலியில் அந்தப் பேட்டைக்காரப் பாட்டி ஒருவர். எங்கள் கேள்விக்கு அவர் சொன்ன பதில்: பாடகி பில்லி ஹாலிடே, 'ஃபைன் அண்ட் மெல்லோ', 1957 டிசம்பரில் தொலைக்காட்சியில் பாடியது. பாட்டை மட்டும் கேட்டால் போதாது, பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். ராத்திரி வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டோம்.

சுற்றி நின்று ஆளாளுக்கு ஒரு சுற்று வாசிக்கிறார்கள். சாக்ஸபோனில் பென் வெப்ஸ்டர் முடித்ததும், இன்னொரு சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் எழுகிறார். உடம்புக்கு முடியாத நேரம் அவருக்கு. வாசிப்பது பன்னிரண்டு பார், ஒரே ஒரு சுற்று. மற்றவர்கள் நிரப்புகிற இடத்தை அவர் காலியாக விடுகிறார். நீளமாக ஒரு சுரம், கொஞ்சம் வளைத்து இறக்கி, நிறுத்தம். மறுபடி ஒன்று. பாட்டி பார்க்கச் சொன்னது லெஸ்டரை இல்லை. அவர் வாசிக்கும்போது கேமரா ஹாலிடேயின் முகத்துக்குப் போகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் தலை லேசாக ஆடுகிறது, உதடு அசைகிறது, அவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று முன்னாலேயே தெரிந்த மாதிரி ஒரு சிரிப்பு. முப்பதுகளில் இருவரும் சேர்ந்து பதிந்த பாட்டுகள் எத்தனை! ஹாலிடேக்கு 'லேடி டே' என்று பெயர் வைத்தது லெஸ்டர். லெஸ்டரைப் 'ப்ரெஸ்' என்று கூப்பிட்டது ஹாலிடே. 1959 மார்ச்சில் லெஸ்டர் போனார், ஜூலையில் ஹாலிடே. உலகத்திலேயே நன்றாகக் கேட்கிற ஒரு முகத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றால் அது இதுதான்.

அதுவரை அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்த அண்ணியும் உட்கார்ந்துவிட்டார். அண்ணி யாழ்ப்பாணத்துக்காரர். "எல்லாரும் உங்கட உங்கட விருப்பத்தைப் போட்டாச்சு, இனி என்ர முறை" என்று போட்டது விஜய் ஐயர் மூவர் குழுவின் 'கலாங்', 2009-இல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி' தட்டிலிருந்து. மூலப் பாட்டு பாடகி எம்.ஐ.ஏ.வுடையது, ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். பியானோ வாசிப்பது, தமிழ்நாட்டிலிருந்து போன பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அண்ணி சோஃபாவின் கைப்பிடியில் தட்டிக்கொண்டே, "இந்தப் பியானோவ மேளம் மாதிரி அடிக்கிறார் பாருங்கோ" என்றார். ஆமாம், மெட்டு என்று தனியாகப் பிரிக்க முடியாதபடி மூவருமே தாளமாகிவிடுகிறார்கள். டிரம்ஸ் மார்கஸ் கில்மோர். அண்ணா எழுந்தே நின்றுவிட்டார்: "இவன் யார் பேரன் தெரியுமாடா? ராய் ஹெய்ன்ஸ் பேரன்!" ராய் ஹெய்ன்ஸ் நாற்பதுகளில் லெஸ்டர் யங் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், பிறகு சார்லி பார்க்கரோடு வாசித்தவர். 2024-இல், 99 வயதில்தான் மறைந்தார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் திரையில் பார்த்த லெஸ்டரிலிருந்து இந்தப் பாட்டு வரை இரண்டே தலைமுறை.

திங்கள், வில்லேஜ் வேன்கார்டு

கிரீனிச் வில்லேஜில் செவன்த் அவென்யூ சவுத், 178-ஆம் எண். சிவப்புக் கதவு, குறுகலான படிக்கட்டு, இறங்கினால் முக்கோணமான ஒரு நிலவறை. 1935-இல் மேக்ஸ் கார்டன் இங்கே நடத்தத் தொடங்கிய கிளப். நூற்றிருபது பேர் சொச்சம்தான் உட்காரலாம். சாப்பாடு கிடையாது, குடிக்க மட்டும். வாசிக்கும்போது செல்போனை எடுக்கக் கூடாது. திங்கள் இரவென்றால் பெரிய குழு. தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் 1966 பிப்ரவரியில் ஆரம்பித்த திங்கள் இரவு, ஆட்கள் மாறினாலும் இன்னும் நடக்கிறது.

வரிசையில் எங்களுக்கு முன்னால் முதுகில் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் உறையோடு ஓர் இளைஞன். பேஸ் படிக்கிற மாணவன், வகுப்பிலிருந்து நேராக வந்திருக்கிறான். அவனிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் கேட்டேன். பில் எவன்ஸ் மூவர் குழு, இதே வேன்கார்டில், 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. மத்தியானமும் ராத்திரியுமாக ஐந்து சுற்று வாசித்ததை ஒலிப்பதிவு செய்தார்கள். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினோராம் நாள், ஜூலை 6-ஆம் தேதி, கார் விபத்தில் இறந்தார். அவருக்கும் 25 வயதுதான். (ஆம்ஸ்ட்ராங் இறந்ததும் ஜூலை 6. சரியாகப் பத்து வருஷம் கழித்து.) எவன்ஸ் அதன் பிறகு பல மாதம் பியானோ பக்கமே போகவில்லை.

'வால்ட்ஸ் ஃபார் டெபி' எனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு. எவன்ஸ் தன் அண்ணன் மகளுக்காக எழுதியது. அதன் பியானோவைத் தூக்கத்தில்கூடப் பாடுவேன். இளைஞன் சொன்னான்: "பியானோவை மறந்துவிடுங்கள். முதல் சுரத்திலிருந்து பேஸைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை விடாதீர்கள்." வரிசை நகர்வதற்குள் கேட்டுவிட்டோம். ஆரம்பத்தில் மூன்றடித் தாளத்தில் பியானோ மெட்டைச் சொல்ல, லஃபாரோ கீழே அடித்தளம் போட்டுக்கொண்டு நிற்பதில்லை. பியானோ வாக்கியத்தை முடித்து மூச்சு விடுகிற இடைவெளியில் ஏறி வந்து, மேலே ஒரு பதிலைத் தொங்கவிட்டுத் திரும்ப இறங்குகிறார். பிறகு நாலடிக்கு மாறுகிறது, பால் மோஷனின் பிரஷ் உள்ளே வருகிறது. அப்போதும் யார் முன்னால், யார் துணை என்று பிரிக்க முடியவில்லை. பின்னால் கிண்ணென்று கிளாஸ்கள் மோதுகின்றன, யாரோ சிரிக்கிறார்கள். அன்றைக்கு அங்கே பேசிக்கொண்டிருந்தவர்களின் சத்தம்.

கீழே இறங்கியதும் அந்தக் காதோடேயே உட்கார்ந்தேன். பதினாறு பேர் குழு, பித்தளை வாத்தியங்கள் அத்தனையும் முகத்துக்கு நேரே. முதல் உருப்படியில் டிரம்பெட் நாலும் ஒன்றாக எழும்பியபோது மேஜைமேல் இருந்த கிளாஸ் அதிர்ந்தது. வழக்கமாக என் காது அதோடு மேலே போயிருக்கும். இன்றைக்குப் பேஸைப் பிடித்துக்கொண்டேன். தாட் ஜோன்ஸின் 'எ சைல்ட் இஸ் பார்ன்' வந்தது. மெதுவான மூன்றடி. பேஸ் கலைஞர் ஒவ்வொரு பாரின் முதல் சுரத்தையும் எவ்வளவு நேரம் ஒலிக்கவிடுவது என்று தானே தீர்மானிக்கிறார். அவர் விரலை எடுக்கிற கணத்தில் பதினாறு பேரின் மூச்சும் மாறுகிறது. அண்ணாவிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடியபடியே தலையாட்டினார். நான் பேஸைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் டிரம்பெட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாராம்; வெளியே வந்து சொன்னார்.

பாதையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். இளைஞன் என்னிடம் கேட்டான்: "உங்களுடையது எது? எந்த இடம்?"

'அலபாமா' என்றேன். கோல்ட்ரேன் நால்வர் குழு, 1963 நவம்பர். அதற்கு இரண்டு மாதம் முன்னால் பர்மிங்காம் நகரத் தேவாலயம் ஒன்றில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டில் நாலு சிறுமிகள் இறந்தார்கள். எப்போதும் இதில் கோல்ட்ரேனின் அந்த முதல் வாக்கியத்தைத்தான் சொல்வேன். இன்றைக்குச் சொன்னது வேறு: கோல்ட்ரேன் ஊதும்போது மெக்காய் டைனரின் பியானோ கீழே உறுமிக்கொண்டே இருப்பது, அப்புறம் கடைசியில் எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் உருண்டு உருண்டு எழும்புவது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த சாக்ஸபோன் நிற்கிறது.

இளைஞன் பேஸை இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, என் போனின் ஸ்பீக்கரைக் காதருகே வைத்துக்கொண்டான். ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை. முடிந்ததும், ஜிம்மி கேரிசனைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லையே, பேஸ் வாசித்தது அவர்தானே என்று சண்டைக்கு வந்தான். அண்ணா அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். மறுபடி முதலிலிருந்து போட்டோம், கேரிசனுக்காக.